ஆறு உறையாத இடம்

டாக்ஸியை விட்டு இறங்கியதும் பல்ஜான் ஹோட்டலை அண்ணாந்து பார்த்தாள். அதுதான் அன்றைக்கு மூன்றாவது. முதல் இரண்டையும் அவள் ஏற்கெனவே கழித்துக் கட்டியிருந்தாள். ஒன்றில் போர்வை மெல்லிசாம். இன்னொன்றில் வரவேற்பில் இருந்த பையன் சூயிங்கம் மென்றுகொண்டே பேசினானாம்.

"இதுவும் சரியில்லைன்னு வை, சம்பந்திங்களை நேரா ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுலயே படுக்க வச்சிடுவோம்," என்றாள் பல்ஜான். "என்னடி, சிரிக்கவாவது செய்யேன். குளிர்ல நான் மட்டும் பேசிட்டு வந்தா வாய் உறைஞ்சு போயிடும்."

கம்ஷத் உதட்டை மட்டும் லேசாக இழுத்துக் காட்டினாள். ஓரகத்திக்கு அது போதும். இரண்டு பேரும் ஒரே வீட்டு மருமகள்கள். பல்ஜான் மூத்த மகனின் மனைவி. கம்ஷத் நடு மகனுடையவள். இப்போது கடைசி மகன் நூர்பேக்குக்குக் கல்யாணம். பெண் வீட்டார் தெற்கே சிம்கென்ட்டிலிருந்து வருகிறார்கள். தெற்கத்திக்காரர்கள் மரியாதை விஷயத்தில் எப்படி என்று அஸ்தானாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தேநீர்க் கிண்ணத்தை எந்தக் கையால் நீட்டினாய் என்பதைப் பேரன் கல்யாணம் வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

பெண்ணின் அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தங்கும் அறையிலிருந்து எசில் ஆறு தெரிய வேண்டும். எங்கள் ஊரில் இவ்வளவு பெரிய ஆறு இல்லை, பனியில் உறைந்த ஆற்றைப் பார்த்ததே இல்லை என்றாள். மாமனார் அதற்கென்ன, ஆற்றங்கரையிலேயே இருக்கிற பெரிய ஹோட்டலாகப் பார்த்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து போனை வைத்தார். வைத்த பிறகுதான் அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. மாமியார் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். யாரும் கம்ஷத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள்தான் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "நான் போய்ப் பாத்துட்டு வர்றேன் மாமா," என்றாள்.

போன குளிர்காலத் தொடக்கத்தில் அவள் கணவன் மேதெத் அதே எசில் ஆற்றுக்குத்தான் மீன் பிடிக்கப் போனான். பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் இறக்கி, சின்னப் பெட்டிமேல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். அன்றைக்குப் பனி இன்னும் கெட்டிப்படவில்லை. பெட்டி கிடைத்தது, பிளாஸ்க் கிடைத்தது, உடைந்த பனியில் பெரிய ஓட்டை ஒன்று கிடைத்தது. மேதெத் கிடைக்கவில்லை. முக்குளிப்பவர்கள் தேடினார்கள். வசந்தத்தில் ஆறு இளகியபோதும் தேடினார்கள். ஆறு எதையும் திருப்பித் தரவில்லை.

உடல் இல்லாததால் குழி இல்லை. இறந்தவனுக்காக ஊர் கூடிச் சாப்பிடுகிற வருஷச் சாப்பாடும் இல்லை. என் பிள்ளையை மண்ணில் வைத்ததை நான் பார்க்கவில்லை, எதற்குச் சோறு போட வேண்டும் என்று மாமியார் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து, மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி ஒப்பாரியைத் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். கம்ஷத் தொடங்கவில்லை. எழுந்துபோய் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். கல்நெஞ்சக்காரி என்று வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் காதில் விழுந்தது. அதுவும் ஒன்றும் செய்யவில்லை.

உண்மை அவளுக்கு மட்டும் தெரியும். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாலும் அவன் செத்தவனாகிவிடுவான். விடாதவரைக்கும் அவன் எங்கேயோ போயிருக்கிறான், அவ்வளவுதான்.

ஹோட்டல் உள்ளே கதகதப்பாக இருந்தது. பளிங்குத் தரை, ஆளுயரப் பூச்சாடி, எங்கிருந்தோ தோம்ப்ராத் தந்திகளின் மெல்லிய இசை. மேலாளர் ராய்ஸா ஐம்பதைத் தாண்டிய, நறுவிசாக உடுத்திய பெண். குரலில் சர்க்கரை இருந்தது. பல்ஜான் அவளைக் கண்ணாலேயே மேலும் கீழும் அளந்து, சூயிங்கம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, கோட்டைக் கழற்றினாள்.

பெரிய அறை ஆறாவது மாடியில். அறை என்றா சொல்வது, ஒரு வீடு. வாசலுக்கு நேர் எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. அதை ஒட்டி நீளமாக, தாழ்வாக, வெல்வெட் திண்டுகள் போட்ட இருக்கை. விருந்தாளியை உட்கார வைக்கிற மரியாதையான இடம் எந்த வீட்டிலும் அதுதான், வாசலிலிருந்து மிகத் தள்ளி, உள்ளே ஆழத்தில். தோர் என்பார்கள். யார் வந்தாலும் முதல் வார்த்தை தோருக்கு வாங்க என்பதுதான். அப்படி ஒரு தடவை அழைத்துவிட்டால், வந்தவர் தானாக எழுந்து போகிறவரைக்கும் போ என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

பல்ஜான் நேராகப் போய்த் தோரில் சாய்ந்துபார்த்து, சம்பந்தியம்மாவின் இடுப்பு தாராளமாகக் கொள்ளும் என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். உடனே எழுந்து திரைச்சீலையை இழுக்கப் போனாள். முதல் இரண்டு ஹோட்டலிலும் அதையேதான் செய்தாள், வெயில் கூசுகிறது என்று சொல்லி. இங்கே கூசுவதற்கு வெயிலே இல்லை.

"இருக்கட்டும் அக்கா," என்றாள் கம்ஷத். "எனக்கு ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லைதான். ஆறு வெள்ளையாக, அகலமாக, ஊமையாகக் கிடந்தது. அக்கரையில் கோபுரங்களில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். நேர் கீழே, ஹோட்டல் சுவரை ஒட்டி, ஒரு இடம் மட்டும் கறுப்பு.

அங்கே தண்ணீர் திறந்து கிடந்தது. அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

அடித்தளத்து வெந்நீர் வெளியேறுகிற இடம் என்று ராய்ஸா விளக்கினாள். எப்பேர்ப்பட்ட குளிரிலும் அது மூடாது, ஊருக்குள் ஆறு உறையாத ஒரே இடம் இதுதான், வாத்துகள் கூட வரும், விருந்தாளிகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

கம்ஷத் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றாள். வாத்து ஒன்றையும் காணோம்.

பல்ஜானுக்கு வேறு கவலை. நிச்சயதார்த்தத்தன்று கம்ஷத் வாசலில் நின்ற நிற்பு அவளுக்கு மறக்கவில்லை. சம்பந்திகள் உள்ளே வந்தார்கள். இவள் குனிந்து வணக்கம் சொல்லாமல், தோருக்கு அழைக்காமல், கம்பம் மாதிரி நின்றாள். பெண்ணின் அம்மா எல்லார் காதிலும் விழும்படி, இந்த வீட்டு மருமகளுக்கு வாய் வராதோ என்று கேட்டாள். மாமனாரின் காது சிவந்துபோனது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் சம்பந்திகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாலும் போய்விடுவார்கள். அதனால் பல்ஜான் ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். கீழே விருந்து மண்டபத்தைப் பார்த்துவிட்டு வருவாளாம். வந்து கதவைத் தட்டுவாளாம். தட்டுவது பல்ஜான் இல்லை, சம்பந்தியம்மா என்று வைத்துக்கொள்ள வேண்டும். கம்ஷத் தலையில் துணி போட்டு, கதவைத் திறந்து, முறைப்படி வரவேற்க வேண்டும்.

"முழங்கால்ல கையை வச்சு நல்லாக் குனியணும். கண்ணு தரையில இருக்கணும், என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுத் தொலைக்காத. எல்லாரும் உள்ள போற வரைக்கும் நிமிரக் கூடாது. குரல் மட்டும் வெளிய வரணும். புரியுதாடி? அன்னிக்கு மாதிரி நின்னா நானே உன் தலையில கிண்ணத்தைக் கவுத்திடுவேன்."

கம்ஷத் தலையாட்டினாள். பல்ஜானும் ராய்ஸாவும் லிஃப்டில் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கதவுக்கு உள்பக்கம் நின்றாள்.

அறை அமைதியாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில் ஏதோ மெல்ல வெடிப்பதுபோல் டிக் டிக் என்றது. கடும் குளிரில் கண்ணாடி அப்படிச் செய்யும். ஆனால் அது உள்பக்கமாக ஏன் கேட்கிறது என்று யோசித்தாள். யோசனை பாதியிலேயே நின்றுபோனது. இந்த ஒரு வருஷமாக அவளுக்கு எல்லா யோசனையும் அப்படித்தான், பாதியில் நின்றுவிடும்.

லிஃப்ட் ஏறி வரும் சத்தம் கேட்கவில்லை.

கதவு தட்டப்பட்டது.

மெத்தையைத் தட்டுவதுபோல, ஈரக் கையால் தட்டுவதுபோல, மொத்தையான சத்தம். பல்ஜான் கையுறையைக் கழற்றவில்லை போலிருக்கிறது. கம்ஷத் கதவைத் திறந்தாள். திறக்கும்போதே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். வலது முழங்கால்மேல் கை வைத்துக் குனிந்தாள். சொல்ல வேண்டியதை, இந்தத் தடவை, தெளிவாகச் சொன்னாள்.

"தோருக்கு வாங்க."

வாசற்படியில் ஒரு ஜோடிக் கம்பளிப் பூட்ஸ் நின்றது.

பல்ஜானுடைய பூட்ஸ் தோல். குதிகால் வைத்தது. இவை பழைய கம்பளி, நனைந்து ஊறிக் கறுத்தவை. ஓரத்திலிருந்து சொட்டியது. மண்ணும் பாசியும் கலந்த, வசந்தத்தில் மட்டும் ஆற்றங்கரையில் வருகிற வாசனை வந்தது.

பூட்ஸ் அவளைக் கடந்து உள்ளே போனது.

"நீண்ட ஆயுசா இரு, மருமகளே," என்றது தலைக்கு மேலே ஒரு குரல். வயசானவர்கள் குனிகிற மருமகளுக்குச் சொல்கிற வாழ்த்துத்தான். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு சொன்னதுபோல் இருந்தது.

நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. முதுகு நிமிரவில்லை. பயம் என்றும் சொல்ல முடியாது. பயம் இருக்க வேண்டிய இடம் மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. கிள்ளினால் கிள்ளியது தெரிகிறது, வலிக்கவில்லை.

வாசலில் இன்னொரு ஜோடி வந்து நின்றது. பெண்ணின் காலணி, ஒன்றில் குதிகால் இல்லை.

அவள் நிமிராமலே இன்னும் தாழக் குனிந்தாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குனிய வேண்டும், அதுதான் முறை. உடம்பு தானாகச் செய்தது. வாய் தானாகச் சொன்னது. தோருக்கு வாங்க. தோருக்கு வாங்க. ராணுவ பூட்ஸ் ஒன்று போனது. வெறுங்கால்கள் போயின, நகமெல்லாம் நீலம். சின்னஞ்சிறு காலுறை ஒன்று, இன்னொரு காலில் அதுவும் இல்லாமல், ஓடிப் போனது. பின்னால் திண்டுகளில் ஒவ்வொருவராக உட்கார்வது கேட்டது. தண்ணீரில் ஊறிய துணியை வைப்பதுபோன்ற சத்தம்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆற்றுக்குள் இருந்தவர்களுக்குக் குளிர்காலத்தில் வெளியே வர ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது.

அப்படியென்றால் அவனும்.

அதற்குப் பிறகு அவள் குனிந்தது மரியாதைக்காக இல்லை. ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். இது இல்லை. இதுவும் இல்லை. கழுத்து வலித்தது. நிமிர்ந்தால் எல்லாம் இல்லாமல் போய்விடும் என்று, யாரும் சொல்லாமலே, அவளுக்குத் தெரிந்திருந்தது.

வரிசை முடிந்தது.

நடைபாதை காலி. கம்பளத்தில் ஈரக் கோடு மட்டும் இருந்தது.

பிறகு, கடைசியாக, ரொம்ப மெதுவாக, ஒரு ஜோடி வந்தது.

இடது பூட்ஸின் பின்பக்கம் கிழிந்து, நீலத் தூண்டில் நூலால் தைத்திருந்தது. கோணல்மாணலான தையல். அவள் தைத்தது. போன குளிர்காலத்துக்கு முன்னால் சமையலறையில் உட்கார்ந்து, ஊசி குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு தைத்தது. அவன் கூடவே நின்று, ஆஸ்பத்திரித் தையல் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தான்.

பூட்ஸ் வாசலுக்கு வெளியே நின்றது. உள்ளே வரவில்லை. காத்திருந்தது.

உள்ளே இருந்தவர்களும் காத்திருந்தார்கள். சொட்டுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் போதும், அவன் உள்ளே போவான். அவர்களோடு தோரில் உட்காருவான். விருந்தாளியாகிவிடுவான். சொந்த வீட்டு ஆளை யாராவது தோருக்கு வாங்க என்று அழைப்பார்களா? புருஷனுக்கு மனைவி விருந்தாளி மரியாதை செய்வாளா? சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அழலாம். வருஷச் சாப்பாடு போடலாம். துக்கம் முடிந்தவளாகத் துணியை மாற்றிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகலாம். அவளுக்காக எல்லாரும் ஒரு வருஷமாகக் காத்திருந்தது இதற்காகத்தான்.

பூட்ஸ் முனையிலிருந்து ஒரே ஒரு சொட்டு விழுந்தது.

"வீட்டுக்கு வா, மேதெத்," என்றாள் கம்ஷத்.

பின்னால் தோரில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிற சத்தம்.

அவள் நிமிர்ந்தாள்.

யாரும் இல்லை. லிஃப்ட் கதவு திறந்து பல்ஜான் வந்துகொண்டிருந்தாள். நான் இன்னும் தட்டவே இல்லையே, நீ ஏன் அதற்குள் கதவைத் திறந்துவைத்தாய் என்று தொலைவிலிருந்தே பேசியபடி வந்தவள், அறையைப் பார்த்ததும் நின்றாள். வெல்வெட் திண்டுகள் வரிசையாக அமுங்கியிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஈர வட்டம்.

"என்னடி பண்ணின இங்க? தண்ணி எங்கேருந்து?"

"இது வேண்டாம் அக்கா."

"எது வேண்டாம்? மண்டபத்தைப் பாத்தா நீயே மயங்கி..."

"இது வேண்டாம். ரெண்டாவதையே எடுத்துப்போம்."

ஒரு வருஷத்தில் கம்ஷத் வேண்டும், வேண்டாம் என்று சொன்ன முதல் விஷயம் அது. பல்ஜான் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டினாள். ராய்ஸாவிடம் யோசித்துச் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்கள்.

திரும்பும்போது பல்ஜான் டாக்ஸியில் கம்ஷத்தை ஒட்டி உட்காரவில்லை. கதவோரம் ஒடுங்கி, நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். ஏனென்று அவளுக்கே தெரிந்திருக்காது. டிரைவர் ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, இந்த வண்டியில் ஏதோ கோளாறு என்று வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தான். பல்ஜான் விரல்களை ஊதிச் சூடேற்றிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மதியம் கம்ஷத் மாமியாருக்கும் மாமனாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ராய்ஸா. குரலில் சர்க்கரை குறைந்திருந்தது.

கம்ஷத் போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நீங்கள் முடிவாகச் சொல்லவே இல்லையே, ஆனால் உங்கள் விருந்தாளிகள் வந்துவிட்டார்களே என்றாள் ராய்ஸா. ஆறாவது மாடியில்தான் இருக்கிறார்கள். யார் திறந்துவிட்டதென்று வேலைக்காரர்களுக்குத் தெரியவில்லை. அழைத்தது நீங்கள்தான் என்று வந்தவர்கள் சொல்கிறார்கள். சாப்பாடு எதுவும் வேண்டாமாம். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறார்கள். போகச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ராய்ஸா எங்கேயோ தள்ளிப்போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"அதோட, அவங்கள்ல ஒருத்தர் குறையுறாராம்மா." ராய்ஸா இப்போது கிசுகிசுத்தாள். "நேத்து உங்களோட வந்துட்டாராம். திருப்பி அனுப்பச் சொல்றாங்க. அவரோட இடத்தைக் காலியா வச்சிருக்காங்க, பாவம். என்ன சொல்லட்டும்?"

கம்ஷத் கட்டிலைப் பார்த்தாள். காலையில் அவள் சுருக்கமில்லாமல் மடித்துப் போட்ட விரிப்பில், சுவரோரப் பக்கம், ஒரு நீளமான பள்ளம் இருந்தது.

"எங்க வீட்டுக்கு யாரும் வரலையே," என்றாள்.

போனை வைத்தாள். வெளியே மாமியார் தேநீர் ஆறுகிறது என்று கூப்பிட்டாள். வருகிறேன் அத்தை என்று பதில் சொல்லிவிட்டு, கட்டிலில் தன் பக்கத்து ஓரத்தில் படுத்தாள். சும்மா, ஒரு நிமிஷம். முதுகுக்குப் பின்னால் மெத்தை மெதுவாகச் சரிந்தது. பனிக்குள்ளிருந்து வந்த விரலை அடுப்பில் காட்டினால் எடுக்குமே, அந்த மாதிரி ஒரு வலி அவளுடைய கைகால் எல்லாம் ஏறியது.

கன்னத்தில் ஏதோ வழிந்தது. கடைசியில் அழுகிறேனா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

கண்ணீர் சூடாக இல்லை. விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். மண்ணும் பாசியும் கலந்த வாசனை அடித்தது.